உறை இறக்கிய கிணறு: குவாண்டம் கிணற்று ஒளிப் பண்பேற்றி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஒளிப் பண்பேற்றி என்பது மின்னழுத்தத்தால் ஒளியை மறைத்தும் விட்டும் அதன்மேல் செய்தியை ஏற்றும் கதவு. இந்தச் சாதனத்தை முதன்முதலாகத் தொடும் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை எளிது. லேசரை எரியவிட வேண்டும். பண்பேற்றியின் மறுமுனையில் ஒளித்திறன் அளவியை வைத்து, டையோடுக்குப் போகும் கம்பியில் (பண்பேற்றியே ஒரு டையோடுதான்) ஓர் அம்மீட்டரைச் சேர்க்க வேண்டும். பிறகு பின்னோக்கு மின்னழுத்தத்தைக் கால் கால் வோல்ட்டாக ஏற்ற வேண்டும். முதல் அரை வோல்ட்டுக்கு எதுவும் நடப்பதாகத் தெரியாது. அதைத் தாண்டியதும் ஒளித்திறன் அளவியில் எண் இறங்கத் தொடங்கும், அதே நேரம் அம்மீட்டரில் எண் ஏறும். இரண்டு வோல்ட்டை எட்டும்போது வந்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலே அதிகம்.

"காணாமல் போன வெளிச்சம் எங்கே?" என்று கேட்பேன். சூடாகிவிட்டது என்றுதான் பலரும் சொல்வார்கள். அம்மீட்டரைக் காட்டுவேன். விழுங்கப்பட்ட ஒவ்வோர் ஒளித்துகளுக்கும் ஓர் எலக்ட்ரான் என்ற கணக்கில் மின்னோட்டம் வெளியே வருகிறது. 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு மில்லிவாட் ஒளி முழுவதும் விழுங்கப்பட்டால் அதிகபட்சம் 1.25 மில்லிஆம்பியர் கிடைக்கும். ஒளியை மறைக்கும் கதவே ஒளியை எண்ணும் கருவியாகவும் இருக்கிறது. இந்த இரட்டைக் குணத்தால் இந்தச் சாதனம் ஒரு காலத்தில் வேறொரு திசைக்கே போனது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விழுங்கும் பகுதியின் நீளம் 0.2 மில்லிமீட்டருக்குள். இரண்டு மூன்று தலைமயிரை அருகருகே வைத்தால் வரும் அளவு. இதே வேலையை லித்தியம் நையோபேட் படிகத்தில் செய்ய வழக்கமாகச் சில சென்டிமீட்டர் நீளம் தேவைப்படும். இந்தச் சுருக்கம் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன விலை கொடுக்கப்படுகிறது என்பதே இந்த ஆய்வின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளி ஊடுருவும் அலைநீளத்தையும் விழுங்கப்படும் அலைநீளத்தையும் பிரிக்கும் எல்லைதான் உட்கவர்தல் விளிம்பு. அதன் கூர்மைதான் இந்தச் சாதனத்தின் முதல், அதன் கடனும் அந்தக் கூர்மையேதான்.

சிக்கல் எங்கே இருந்தது

குறைகடத்திக்கு ஓர் ஆற்றல் இடைவெளி உண்டு. அதைவிடக் குறைந்த ஆற்றலுள்ள ஒளி ஊடுருவிப் போய்விடும், அதிக ஆற்றலுள்ளது விழுங்கப்படும். மின்புலத்தைச் செலுத்தி இந்த எல்லையை நகர்த்த முடிந்தால் ஒளிக்கு ஒரு கதவு கிடைத்துவிடும். நகரும் என்பதை வால்டர் ஃபிரான்ஸும் லியோனிட் கெல்டிஷும் 1950களின் இறுதியில் தனித்தனியே காட்டியிருந்தார்கள். ஆனால் சாதாரணக் கட்டிப் படிகத்தில் அந்த எல்லை நகர்வதைவிட மங்குவதே அதிகம். மின்புலத்தில் விளிம்புக்கு ஒரு வால் முளைக்கிறது. முழுதும் திறந்த நிலைக்கும் முழுதும் மூடிய நிலைக்கும் இடையிலான வித்தியாசம் அந்த வாலில் கரைந்துவிடுகிறது.

விளிம்புக்குச் சற்றுக் கீழே இயற்கையாகவே கூரான ஒன்று உண்டு. ஒளி கிளப்பிய எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற மின்துளையும் ஒன்றையொன்று ஈர்த்துச் சுற்றிவரும் இணைதான் எக்ஸிட்டான். உட்கவர்தல் வரைபடத்தில் அது ஒரு முகடாகத் தெரியும். ஆனால் கேலியம் ஆர்சனைடில் அந்த இணையின் பிணைப்பு ஆற்றல் 4 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலோ 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட். படிகத்தின் அதிர்வுகள் அந்த முகட்டை அடித்துத் தேய்த்துவிடுகின்றன. மின்புலம் கொடுத்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். நேர் மின்னை நோக்கி எலக்ட்ரானும் எதிர் மின்னை நோக்கித் துளையுமாக இணை பிய்ந்துவிடும்.

ஆற்றுமணலில் கிணறு தோண்டியவர்களுக்கு இது புரியும். தோண்டத் தோண்ட ஓரம் சரியும், ஊற்று கண்ணுக்குத் தெரிந்தும் குழி நிற்காது. உறை இறக்கினால்தான் நிற்கும்.

ஹோம்டெல், 1984

அந்த உறை, படிக அடுக்குகளாக வந்தது. கேலியம் ஆர்சனைடின் மெல்லிய தகடு ஒன்றை, ஆற்றல் இடைவெளி அதிகமுள்ள அலுமினியம் கேலியம் ஆர்சனைடு அடுக்குகள் இரண்டுக்கு நடுவே வைத்தால் எலக்ட்ரானும் துளையும் நடுத்தகட்டுக்குள் அடைபடும். தகட்டின் தடிமன் பத்து நானோமீட்டர் அளவில் இருந்தால் அவற்றின் ஆற்றல் படிப்படியாகப் பிரிந்துவிடும். பெல் ஆய்வகங்களில் டிங்கிள், வீக்மன், ஹென்றி ஆகிய மூவரும் 1974இல் இந்தப் படிகளை உட்கவர்தல் நிறமாலையில் நேரடியாகவே காட்டினார்கள். குவாண்டம் கிணறு அன்றிலிருந்து கண்ணால் பார்க்கக்கூடிய பொருளாயிற்று. அதற்கான அடுக்குகளை வளர்க்க உதவியது மூலக்கூற்றுக் கற்றை வளர்ப்பு முறை. மிகை வெற்றிடத்தில் அணுக்களைக் கற்றையாக அனுப்பி, ஓர் அணு அடுக்கின்மேல் இன்னொன்றாகப் படியவைப்பது அது.

ஆய்வின் மையம் நியூ ஜெர்சியின் ஹோம்டெலில் இருந்த பெல் ஆய்வகக் கட்டடம். எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டேவிட் மில்லரும் பிரான்சிலிருந்து வந்த டேனியல் செம்லாவும் அங்கே இணைந்தார்கள். கோசார்டும் வீக்மனும் படிகங்களை வளர்த்துக் கொடுத்தார்கள். டாமென், வுட், பர்ரஸ் ஆகியோரும் அளவீட்டிலும் சாதன உருவாக்கத்திலும் கூட இருந்தார்கள்.

அவர்களுக்கு முன்னால் இருந்த முதல் நல்ல செய்தி, கிணற்றுக்குள் எக்ஸிட்டான் அறை வெப்பநிலையிலும் தெரிகிறது என்பது. நெருக்கி அடைத்ததால் எலக்ட்ரானும் துளையும் இன்னும் அருகில் வருகின்றன. பிணைப்பு ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகி 9, 10 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டைத் தொடுகிறது. இதுவும் 25ஐவிடக் குறைவுதானே, எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்மையில் அது தாக்குப்பிடிப்பதில்லை. உருவான எக்ஸிட்டானைப் படிக அதிர்வுகள் சுமார் 0.3 பிக்கோவினாடியில் உடைத்துவிடுகின்றன. ஆனால் ஒளி விழுங்கப்படும் நிகழ்வுக்கு அந்தச் சிறு ஆயுள் போதும். அந்த ஆயுளால் முகட்டுக்கு வரும் அகலம் பிணைப்பு ஆற்றலைவிடக் குறைவு, அதனால் முகடு முகடாகவே நிற்கிறது.

அடுத்த கேள்வி மின்புலம் பற்றியது. புலத்தை எந்தத் திசையில் செலுத்துவது? இந்தக் கேள்வியைத்தான் முழு நிகழ்வின் திருப்புமுனையாக நான் பார்க்கிறேன். அடுக்குகளுக்கு இணையாகச் செலுத்திப் பார்த்தபோது கட்டிப் படிகத்தில் நடந்ததே நடந்தது. முகடு அகன்று, தேய்ந்து, மறைந்தது. அந்தத் திசையில் இணையைத் தடுக்கச் சுவர் இல்லை. அடுக்குகளுக்குச் செங்குத்தாகச் செலுத்தியபோது படம் மாறியது. எலக்ட்ரான் ஒரு சுவரோரமும் துளை எதிர்ச்சுவரோரமும் ஒதுங்கின. ஒதுங்கினாலும் தாண்டிப் போகச் சுவர் விடவில்லை. இணை பிரியாமல், ஆற்றல் மட்டும் குறைந்தது. கட்டற்ற இணையைப் பிய்த்தெறியப் போதுமான புலத்தைவிட ஐம்பது மடங்குக்கும் மேலான புலத்திலும் முகடு தெளிவாகத் தெரிந்தது. பிணைப்பு ஆற்றலையே தாண்டிய அளவுக்கு அது நீண்ட அலைநீளப் பக்கம் நகர்ந்திருந்தது.

ஹைட்ரஜன் அணுவின் நிறமாலைக் கோடுகள் மின்புலத்தில் பிரிவதை யோகானஸ் ஸ்டார்க் 1913இல் கண்டிருந்தார். சுவருக்குள் அடைத்த எக்ஸிட்டானில் தெரிந்த இந்த நகர்வுக்குக் குவாண்டம் சிறைப்பட்ட ஸ்டார்க் விளைவு என்று பெயர் வைத்தார்கள். 1984இல் ஃபிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ் இதழில் கட்டுரை வந்தது. அப்போது பயன்பட்ட மாதிரியில் கிணறு ஒவ்வொன்றும் 9.5 நானோமீட்டர் தடிமன், மொத்தம் ஐம்பது கிணறுகள்.

சாதனம்

கிணறுகளையும் தடுப்புகளையும் சேர்த்தால் அடுக்கின் மொத்தத் தடிமன் ஏறக்குறைய ஒரு மைக்ரான். ஒரு மைக்ரானில் 10 வோல்ட் விழுந்தால் புலம் சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட். மின்னோட்டம் பாயாமல் இவ்வளவு புலத்தைத் தாங்கக்கூடிய அமைப்பு எது? பின்னோக்குச் சார்பிலுள்ள, அதாவது மின்னோட்டத்தைத் தடுக்கும் திசையில் மின்னழுத்தம் கொடுத்த, பி-ஐ-என் டையோடு. நடுவில் மாசு சேர்க்காத ஐ பகுதியில் கிணறுகளை வைத்துவிட்டால் கொடுத்த மின்னழுத்தம் முழுவதும் அவற்றின் குறுக்கே விழும். எளிய யோசனை. அதே 1984இல் வுட்டும் சகாக்களும் இப்படி ஒரு பண்பேற்றியைச் செய்து, 8 வோல்ட்டில் ஊடுருவும் ஒளி கிட்டத்தட்ட பாதியாகக் குறைவதைக் காட்டினார்கள். மாறும் நேரம் 2.8 நானோவினாடி. அடுத்த ஆண்டே அதை 131 பிக்கோவினாடிக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த வேகம் எதைப் பொறுத்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 100 மைக்ரான் விட்டமும் ஒரு மைக்ரான் ஐ பகுதியும் உள்ள டையோடின் மின்தேக்குத்திறன் சுமார் 0.9 பிக்கோஃபாரட். 50 ஓம் கம்பியோடு சேர்த்தால் நேர மாறிலி 45 பிக்கோவினாடி. பக்கத்துக்குப் பத்து மைக்ரானாகச் சதுரத்தைச் சுருக்கினால் மின்தேக்குத்திறன் பன்னிரண்டு ஃபெம்டோஃபாரட்டுக்குள் வந்துவிடும். எக்ஸிட்டான் இதில் தடையே இல்லை, தடை மின்சுற்றில்தான். எனவே சாதனம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு வேகம், அவ்வளவு மின்சிக்கனம்.

நகர்வின் அளவு மின்புலத்தின் இருமடிக்கும் கிணற்று அகலத்தின் நான்மடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். அந்த நான்மடியைக் கவனியுங்கள். கேலியம் ஆர்சனைடில் ஓர் அணு அடுக்கின் தடிமன் 0.28 நானோமீட்டர். 9.5 நானோமீட்டர் கிணற்றில் ஒரே ஓர் அடுக்கு கூடிவிட்டால் நகர்வு சுமார் 12 சதவீதம் கூடும். பூஜ்ய மின்புலத்தில் முகடு இருக்கும் இடமும் மாறிவிடும். ஐம்பது கிணறுகளில் சில ஓர் அடுக்கு தடித்தும் சில மெலிந்தும் போனால் ஐம்பது முகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரவும், கூர்மை கெடும். படிகம் வளர்த்தவர்களின் பெயரை இந்தத் துறையில் ஆசிரியர் பட்டியலின் நடுவில் போட்டுக் கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த விளைவில் பாதி அவர்களுடையது.

மேலிருந்து கீழாக ஒளியைச் செலுத்தும் அமைப்பில் ஒரு குறை இருந்தது. ஐம்பது கிணறுகளையும் அடுக்கினாலும் விழுங்கும் பொருளின் தடிமன் அரை மைக்ரானைத் தாண்டாது. அதனால் திறந்த நிலைக்கும் மூடிய நிலைக்கும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதமே கிடைத்தது. இன்னொரு தொல்லை, 850 நானோமீட்டர் ஒளியைக் கேலியம் ஆர்சனைடு அடித்தளமே விழுங்கிவிடும். ஆகவே ஒளி புகும் இடத்தில் அடித்தளத்தை அமிலத்தால் கரைத்தெடுக்க வேண்டும். கையில் மிஞ்சுவது மைக்ரான் கணக்கில் தடிமனுள்ள ஒரு படலம். ஊதினால் பறந்துவிடும்.

கனவு போன பாதை

இப்போது அந்த அம்மீட்டருக்கு வருவோம். விழுங்கிய ஒளி மின்னோட்டமாக வெளியே வருகிறது என்றால், அந்த மின்னோட்டத்தையே ஒரு மின்தடை வழியாக விட்டு, சாதனத்தின் மேலுள்ள மின்னழுத்தத்தை மாற்றலாம். புலமில்லாத எக்ஸிட்டான் முகட்டின் அலைநீளத்தில் இயக்கினால், மின்னழுத்தம் குறையும்போது உட்கவர்தல் கூடும். கூடினால் மின்னோட்டம் கூடும், மின்னழுத்தம் மேலும் குறையும். சங்கிலித் தொடராய்ப் போய்ச் சாதனம் சட்டென்று வேறொரு நிலையில் நின்றுவிடும். ஒளியால் ஒளியை மாற்றும் சுவிட்ச் இப்படித்தான் பிறந்தது. மில்லரும் குழுவினரும் 1984இலேயே இதைக் காட்டி 'சீட்' என்று பெயரிட்டார்கள். இரண்டு டையோடுகளைத் தொடராக இணைத்த சமச்சீர் சீட் 1988இல் வந்தது. இரண்டில் எதன்மேல் விழும் ஒளி அதிகமோ அதைப் பொறுத்து நிலை தீர்மானமாகும் என்பதால், ஒளிமூலத்தின் பலம் ஏறி இறங்கினாலும் அது தடுமாறவில்லை.

ஆலன் ஹுவாங் தலைமையில் பெல் ஆய்வகக் குழு 1990 ஜனவரியில் இத்தகைய சாதனங்களால் ஆன ஒளிச் செயலி ஒன்றை உலகுக்குக் காட்டியது. மின்கணினியின் காலம் முடியப்போகிறது என்று அப்போது பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, கையில் வேலை செய்யும் கருவி இருந்தது. ஆனால் சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஆண்டுக்காண்டு சுருங்கியது, சுருங்கச் சுருங்க மலிந்தது, தருக்கச் செயலுக்கு அதன் ஆற்றல் செலவும் குறைந்தது. ஒளிச் சுவிட்ச் ஒரு முறை மாற, ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிதாக முடியாத ஒரு சாளரத்தை மின்னேற்ற வேண்டியிருந்தது. அந்தப் பந்தயம் அங்கேயே முடிந்துவிட்டது.

குழுவினர் பாதையை மாற்றினார்கள். தருக்கத்தைச் சிலிக்கானிடம் விட்டுவிட்டு, சில்லிலிருந்து வெளியே செய்தி போகும் வாசலுக்கு மட்டும் ஒளியைப் பயன்படுத்துவது என்று முடிவெடுத்து, 1990களின் நடுவில் கேலியம் ஆர்சனைடுப் பண்பேற்றி வரிசைகளைச் சிலிக்கான் சில்லின்மேல் கவிழ்த்து ஒட்டினார்கள். இன்று தரவு மையங்களில் சில்லின் பக்கத்திலேயே ஒளியைக் கொண்டுவரத் துடிப்பவர்கள் எதிர்கொள்ளும் கேள்விகளில் பல அப்போதே எழுதப்பட்டுவிட்டன.

பிழைப்பு கிடைத்த இடம்

பண்பேற்றிக்கு நிலையான வேலை கொடுத்தது ஒளியிழைத் தொலைத்தொடர்பு. அதற்கு இரண்டு மாற்றங்கள் வேண்டியிருந்தன. ஒன்று, அலைநீளம் 1550 நானோமீட்டருக்குப் போக வேண்டும். அதற்கு இண்டியம் பாஸ்பைடு அடித்தளத்தில் வேறு கலவைகளால் கிணறுகள் வளர்க்கப்பட்டன. இன்னொன்று, ஒளியை அடுக்குகளுக்குக் குறுக்கே விடாமல் அவற்றின் நெடுகே, அலைவழிகாட்டியில் ஓடவிட்டார்கள். அரை மைக்ரான் பாதை நூறு, இருநூறு மைக்ரானாக நீண்டது. இரண்டுக்கு ஒன்றாக இருந்த விகிதம் பத்துக்கு ஒன்றைச் சுலபமாகத் தாண்டியது, அதுவும் இரண்டு வோல்ட்டில்.

லேசரையே நேரடியாக அணைத்து ஏற்றினால் என்ன, தனிக் கதவு எதற்கு? மின்னோட்டம் மாறும்போது லேசருக்குள் எலக்ட்ரான் அடர்த்தி மாறும், அதோடு ஒளிவிலகல் எண்ணும் மாறும், துடிப்பு வெளிவரும்போதே அதன் அலைநீளம் அலையும். சாதாரண ஒளியிழையில் 1550 நானோமீட்டர் அருகே ஒரு நானோமீட்டர் வேறுபாட்டுக்குக் கிலோமீட்டருக்கு 17 பிக்கோவினாடி தாமதம் சேர்கிறது. நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டின் காலமே 100 பிக்கோவினாடிதான். சில பத்து கிலோமீட்டருக்குள் ஒரு பிட் அடுத்த பிட்டின்மேல் ஏறிவிடும். லேசரை ஒரே சீராக எரியவிட்டு வெளியே கதவு வைத்தால் இந்த அலைச்சல் வெகுவாகக் குறையும். பண்பேற்றியிலும் உட்கவர்தல் மாறினால் ஒளிவிலகல் எண் மாறத்தான் செய்யும், தப்ப முடியாது. ஆனால் அடிப்படை மின்னழுத்தத்தை (செய்தியின் ஏற்ற இறக்கத்துக்கு அடியில் எப்போதும் கொடுத்துவைக்கும் பின்னோக்கு மின்னழுத்தத்தை) சற்று ஆழமாக வைத்தால் அந்த மாற்றம் பூஜ்யத்தை நெருங்கி, எதிர்ப்பக்கத்துக்கும்கூடப் போகும். ஒளியிழை செய்யும் கெடுதலில் ஒரு பகுதியை அதுவே ஈடுகட்டும்.

லேசரையும் பண்பேற்றியையும் ஒரே சில்லில் வளர்ப்பது அடுத்த படி. கிணற்றின் அகலம் இங்கே மறுபடி கைகொடுத்தது. சிலிக்கான் டை ஆக்சைடு முகமூடி இட்ட இடத்துக்குப் பக்கத்தில் படிகம் வேகமாக வளரும், அங்கே கிணறு தடிக்கும், ஆற்றல் இடைவெளி குறையும். அந்தப் பகுதி லேசர். முகமூடி இல்லாத இடத்தில் கிணறு மெல்லியது, இடைவெளி கொஞ்சம் அதிகம், சும்மா இருக்கும்போது லேசரின் ஒளியை விட்டுவிடும். அந்தப் பகுதி பண்பேற்றி. ஒரே வளர்ப்பில் இரண்டும் கிடைத்தன. இ.எம்.எல். (உட்கவர்தல் பண்பேற்றி சேர்ந்த லேசர்) என்று சந்தையில் விற்கும் இந்தச் சில்லுதான் 10 கிகாபிட் ஈதர்நெட்டின் 40 கிலோமீட்டர் வகைக்குப் பெருமளவில் பயன்பட்டது. இன்று தரவு மையங்களில் ஒரு தடத்துக்கு நொடிக்கு 100, 200 கிகாபிட் அனுப்புவதிலும் அதற்கு இடம் இருக்கிறது.

சுவர் உயரம் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. சுவர்தான் எக்ஸிட்டானைக் காத்தது. ஆனால் விழுங்கி முடித்தபின் எலக்ட்ரானும் துளையும் வெளியேறியாக வேண்டும். இண்டியம் கேலியம் ஆர்சனைடு பாஸ்பைடு கிணறுகளில் துளைக்கான சுவர் உயரம், எலக்ட்ரானுக்கானது தாழ்வு. கனமான துளைகள் வெளியேற முடியாமல் தேங்கிவிடும். ஒளியின் திறன் கூடும்போது தேங்கிய துளைகள் மின்புலத்தையே மறைத்து, கதவு மந்தமாகும். பாஸ்பரசுக்குப் பதிலாக அலுமினியம் சேர்த்த கலவையில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. இலேசான எலக்ட்ரானுக்கு உயர்ந்த சுவர், கனமான துளைக்குத் தாழ்ந்த சுவர். வேகமான இ.எம்.எல்.களில் அலுமினியக் கலவை விரும்பப்படுவதன் காரணம் இது. அலுமினியம் காற்றுபட்டால் ஆக்சைடாகும், பதப்படுத்துவது கடினம். அந்தக் கஷ்டத்தையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

சிலிக்கானோடு சேர்க்கும் கதையில் 2005இல் ஒரு நல்ல திருப்பம். ஸ்டான்ஃபோர்டில் மில்லரும் ஜேம்ஸ் ஹாரிஸும் அவர்களது மாணவர்களும் சிலிக்கான்மேல் வளர்த்த ஜெர்மானியக் கிணறுகளில் இதே விளைவு வலுவாக இருப்பதைக் காட்டினார்கள். ஜெர்மானியம் மறைமுக இடைவெளி கொண்ட பொருள், ஒளிக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்டது. ஆனால் மறைமுக இடைவெளிக்குச் சற்று மேலே, 0.8 எலக்ட்ரான் வோல்ட்டில், அதற்கு நேரடி இடைவெளி ஒன்று இருக்கிறது. அதனிடத்தில் முகடு கூராகவே நிற்கிறது.

கடன்

மறுபடி மேசைக்கு வருகிறேன். மாணவர்கள் முதல் வரைகோட்டை எடுத்து முடித்ததும் இரண்டாவது வேலை கொடுப்பேன். சில்லுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பெல்டியர் குளிர்விப்பானை 25 டிகிரியிலிருந்து 35க்கு ஏற்றச் சொல்வேன். வேறு எதையும் தொடக்கூடாது.

பண்பேற்றியின் விளிம்பு ஒரு டிகிரிக்குச் சுமார் அரை நானோமீட்டர் நீண்ட அலைநீளப் பக்கம் நகர்கிறது. லேசரின் அலைநீளமும் நகர்கிறது, ஆனால் அது டிகிரிக்கு 0.1 நானோமீட்டர்தான். லேசரின் அலைநீளத்தை அதற்குள் செதுக்கிய நுண்வரி அமைப்பான கிராட்டிங் தீர்மானிக்கிறது, ஆற்றல் இடைவெளி அல்ல. ஆகவே டிகிரிக்கு 0.4 நானோமீட்டர் வீதம் விளிம்பு லேசரை நெருங்கிவருகிறது. இரண்டுக்கும் நடுவே வடிவமைப்பாளர் விட்டிருக்கும் இடைவெளி வழக்கமாகச் சில பத்து நானோமீட்டர். பத்து டிகிரியில் அதில் நான்கு போய்விடுகிறது. முப்பது டிகிரியில் பன்னிரண்டு. மங்கலான விளிம்பாக இருந்தால் இதை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். இரண்டு வோல்ட்டில் கதவை மூடும் அளவுக்கு விளிம்பு கூர்மையாக இருப்பதால், பத்து டிகிரியே கதவைக் கொஞ்சம் சாத்திவிடுகிறது.

இதனால்தான் இ.எம்.எல். பொதிகளுக்குள் குளிர்விப்பான் உட்காருகிறது. சிறு சில்லு தின்னும் மின்சாரத்தைவிட அதைக் குளிர்விக்கச் செலவாவது அதிகமாகும் நாட்களும் உண்டு. குளிர்விப்பானைத் தவிர்த்து, வெப்பநிலை ஏற ஏற அடிப்படை மின்னழுத்தத்தைக் குறைத்து ஈடுகட்டும் வகைகளும் செய்யப்பட்டிருக்கின்றன. அலுமினியக் கலவைக் கிணறுகள் அதற்கு ஏற்றவை. அப்படிச் செய்யும்போது ஒவ்வொரு சில்லையும் பல வெப்பநிலைகளில் சோதித்து, எந்த வெப்பநிலைக்கு எந்த மின்னழுத்தம் என்ற அட்டவணையை அதன் நினைவகத்தில் எழுதிவைக்க வேண்டும்.

35 டிகிரியில் எடுத்த இரண்டாவது வரைகோட்டை மாணவர்கள் முதல் கோட்டின்மேல் வைத்துப் பார்ப்பார்கள். வடிவம் அதேதான், ஆனால் முழுக்கோடும் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். பூஜ்ய வோல்ட்டிலேயே வெளிச்சம் முன்பைவிடக் குறைவு, அம்மீட்டரில் முன்பைவிட அதிகம்.